மடலோடு வரும் பொதி



அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் முறையைப் பள்ளியிலே பயின்றிருப்பீர்கள். விளி, பொருள், செய்தி, கையொப்பம் எல்லாம் முடிந்த பிறகு, தாளின் அடியில் இடப்புறமாக 'இணைப்பு: 2' என்று ஒரு சிறு குறிப்பு எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்பு சிறிது. அதன் பயன் பெரிது. உறையைப் பிரிப்பவர் உள்ளே இரண்டு தாள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒன்றுதான் இருந்தால் உடனே எழுதிக் கேட்பார். அனுப்பியவருடைய பொறுப்பு எதுவரை, பெற்றவருடைய பொறுப்பு எது முதல் என்பதை அந்த ஓர் எண் வரையறுத்துவிடும்.

இன்று நாம் பெரும்பாலும் மின்னஞ்சலில் எழுதுகிறோம். மடலோடு கோப்புகளையும் அனுப்புகிறோம். விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், ஒளிப்படம், ஆய்வுக் கட்டுரை என எதுவாயினும் ஒரு சிறு கொக்கியின் படத்தைத் தொட்டால் போதும். மடலோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் பேச்சு வழக்கில் 'அட்டாச்மெண்ட்' என்று சொல்வீர்கள். நான் இந்த உரையில் இணைப்பு என்றே சொல்லுகிறேன். ஒருவருக்கு ஓர் இணைப்பை அனுப்புவது எளிய காரியம். ஒரு குழுவுக்கு, ஐம்பது பேருக்கோ ஐந்நூறு பேருக்கோ, ஒரே மடலில் இணைப்பை அனுப்புவது அத்தனை எளிய காரியமன்று. ஏன் என்பதை அறிய வேண்டுமானால், அந்தக் கொக்கியின் படத்துக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கொக்கி என்பது ஒரு கற்பனை. மடலோடு எந்தத் தாளும் கோத்து வைக்கப்படுவதில்லை. மின்னஞ்சல் என்னும் ஏற்பாட்டுக்கு எழுத்துகளைத் தவிர வேறெதையும் சுமக்கத் தெரியாது. ஒரு கணினியிலிருந்து வலையின் வழியே மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் உருவாக்கினார். அவர் பயன்படுத்திய இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. பெயரையும் இடத்தையும் பிரிக்க, இன்று நாம் முகவரியில் இடும் அந்தச் சுழித்த குறியைத் தேர்ந்தவரும் அவரே. பிறகு 1982-ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் என்பவர் அஞ்சல் கடத்தும் விதிகளை எழுதி வெளியிட்டார். அந்த விதிகளின்படி மடல் என்பது ஆங்கில எழுத்து வரிகளின் தொகுதி. ஓர் எழுத்துக்கு 7 துண்டுகள்; ஆக மொத்தம் 128 குறிகள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தக் குறி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

ஒளிப்படமோ இசைத்தட்டின் ஒலியோ கணினியில் எப்படி இருக்கிறது? எட்டு எட்டுத் துண்டுகளாக, 256 வகை மதிப்புகளாக இருக்கிறது. எட்டுத் துண்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஏழு துண்டுகளுக்கென்று கட்டிய வாசலில் எட்டாவது துண்டு நுழைய முடியாது. விதிப்படி அது சுழியாக்கப்படும். அது மட்டுமா? ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் தனியே நின்றால் 'மடல் முடிந்தது' என்பது அஞ்சல் விதி. வரியின் நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒளிப்படத்தை அப்படியே இந்த வழியில் தள்ளிவிட்டால், பாதி சிதைந்து போகும். மீதி வந்து சேராமலே போகலாம்.

ஆகவே அக்காலத்தார் ஓர் உபாயம் செய்தார்கள். எழுத்து மட்டும் போகும் வழியில் படத்தை அனுப்ப வேண்டுமானால், படத்தை எழுத்தாக வேடம் புனைவித்து அனுப்பவேண்டியதுதான். 1980-ஆம் ஆண்டு பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் இதற்கான ஒரு நிரலை எழுதினார். கோப்பை எழுத்து வரிகளாக மாற்றி மடலுக்குள் வைப்பார்கள். பெற்றவர் அந்த வரிகளை வெட்டி எடுத்து மீண்டும் கோப்பாக்கிக்கொள்வார். நல்ல உபாயந்தான். ஆனால் அந்த முறையில் வெற்றிடமும் ஓர் எழுத்தாகக் கணக்கிடப்பட்டது. வழியில் உள்ள சில கணினிகள் வரியின் ஈற்றிலுள்ள வெற்றிடத்தைப் பயனற்றது என்று கருதி நீக்கிவிடும். ஐ.பி.எம். பெருங்கணினிகளோ வேறொரு குறியீட்டு முறையைக் கையாண்டவை. அவற்றின் வழியே போனால் சில குறிகள் உருமாறிவிடும். ஒரு குறி மாறினாலும் படம் பழுதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு 1992-ஆம் ஆண்டு முடிவு வந்தது. நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவரும் சேர்ந்து 'மைம்' என்று சுருக்கமாக வழங்கும் விதித் தொகுதியை அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, மார்ச் 11-ஆம் நாள், போரன்ஸ்டைன் ஒரு சோதனை மடலை அனுப்பினார். அதனோடு இருந்தவை ஒரு படமும் ஓர் ஒலிக் கோப்பும். படத்தில் நால்வர் நின்று பாடுகிறார்கள். நால்வரில் ஒருவர் அவரே. ஒலிக் கோப்பில் அவர்கள் மின்னஞ்சலைப் பற்றிப் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு. இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களிடம், ஒரு காலத்தில் என் பேரக்குழந்தைகளின் படங்களை மின்னஞ்சலில் பெற விரும்புகிறேன் என்று அவர் விடை சொல்வாராம். அப்போது அவருக்குப் பேரக்குழந்தைகள் இல்லை.

அவர்கள் வகுத்த முறை மிக எளிது. கோப்பின் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூவெட்டு இருபத்து நான்கு துண்டுகள். அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு பங்குகள். ஆறு துண்டுகளால் 64 மதிப்புகளைக் குறிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு, ஆக 64. இந்த 64 குறிகளும் எந்த நாட்டுக் கணினியிலும் உருமாறாதவை என்று பார்த்துத் தேர்ந்தவை. கோப்பின் நீளம் மூன்றால் வகுபடாமற் போனால், குறைவை நிரப்ப ஈற்றில் ஒன்றோ இரண்டோ சமக்குறிகள் வரும். எந்தப் பொதி எந்த இனம், படமா, ஒலியா, ஆவணமா என்பதை ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதிவிடுவார்கள். ஒரு பொதிக்கும் அடுத்த பொதிக்கும் நடுவே, உள்ளடக்கத்தில் எங்கும் வாராத ஒரு வரியை வேலியாக நாட்டுவார்கள். இவ்வளவே.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையில், 'யூடிஎஃப்-8' என்னும் வடிவத்தில், நம்முடைய 'அ' என்னும் எழுத்துக்குச் சரியாக மூன்று பைட்டுகள். மேற்சொன்ன முறையில் அது நான்கு குறிகளாகும். அவை: எண் 4, பெரிய கே, எண் 6, பெரிய எஃப். கணினி எண்ணும் தமிழ்க் குறிகள் எல்லாமே மூன்று பைட்டு அளவினவாதலால், எல்லாமே இப்படி நான்கு குறிகளாக விரிகின்றன. முதலிரண்டு குறிகளும் எல்லாவற்றுக்கும் 4, கே என்பவையே. மூன்றாவது 6 ஆகவோ கூட்டற்குறியாகவோ இருக்கும். உங்களுக்கு வந்த தமிழ் மடல் ஒன்றின் மூலவடிவைத் திறந்து பாருங்கள். பல மடல்களில் '4, கே, 6' என்பது திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் ஒரே பைட்டு. ஆகவே அங்கங்கே அந்த ஒழுங்கு நழுவி, பிறகு மீண்டும் கூடும். 'அம்மா' என்னும் சொல்லைக் கணினி ஐந்து குறிகளாக எண்ணுகிறது. பைட்டு பதினைந்து, அஞ்சலில் போகும்போது இருபது எழுத்து. அதே விதித் தொகுதியில் சமக்குறியோடு எழுதும் இன்னொரு முறையும் உண்டு. ஆங்கிலத்தின் நடுவே ஓரிரு அயல் எழுத்துகள் வரும் மொழிகளுக்கென்று அமைத்தது அது. அந்த முறையில் அனுப்பினால் 'அம்மா'வுக்கு நாற்பத்தைந்து எழுத்து ஆகும்!

இனி, இந்த வேடத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோம். மூன்று நான்காகிறது என்று கண்டோம். வரி ஒன்றுக்கு 76 எழுத்து. வரி முடிவுக்கு இரண்டு குறி. ஆகவே கோப்பின் 57 பைட்டு மடலில் 78 பைட்டாகிறது. நூற்றுக்கு ஏறக்குறைய 37 பங்கு கூடுதல். 10 மெகாபைட்டுக் கோப்பு வழியில் 13.7 மெகாபைட்டாகப் பயணம் செய்கிறது. ஓர் அஞ்சல் நிலையம் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஏற்பதில்லை என்று விதித்து, வழியில் போகும் பருமனையே கணக்கிட்டால், உங்கள் கோப்பு 18 மெகாபைட்டைத் தாண்டியதுமே மடல் திரும்பி வரும். "என் கோப்பு 20 மெகாபைட்டுத்தானே!" என்று திகைக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இரவு பதினொரு மணிக்கு அந்தத் திகைப்பு வந்தால், அதன் விலை ஓராண்டாக இருக்கலாம்.

ஒருவருக்கு அனுப்பினால் இவ்வளவு. ஐந்நூறு பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பினால்? 13.7 மெகாபைட்டு ஐந்நூறு முறை பெருகுகிறது. 6,850 மெகாபைட்டு ஆகிறது. அனுப்பியவர் ஒரு பொத்தானைத்தான் அழுத்தினார். ஐந்நூறு அஞ்சற்பெட்டிகளில் ஐந்நூறு பொதிகள் வந்து குந்திக்கொண்டன. அவற்றுள் எத்தனை திறக்கப்பட்டன? பெட்டி நிறைந்துபோனவர்கள் சிலர். கைப்பேசியில் அளந்து வாங்கிய இணைய அளவைச் செலவிட்டு மடல் பார்ப்பவர்கள் சிலர். மலைநாட்டுச் சிற்றூரில் அலைவரிசை வந்து வந்து போகும் இடத்திலிருந்து படிப்பவர்கள் சிலர். இவர்கள் யாரும் அந்தப் பொதியைக் கேட்டு வாங்கியவர்கள் அல்லர். குழு மடல்களை நடத்தப் பலர் கையாளும் 'மெயில்மேன்' என்னும் நிரலில், நடத்துநர் மாற்றாதவரை, ஒரு மடலின் பருமனுக்கு வைத்திருக்கும் எல்லை 40 கிலோபைட்டு. அதற்கு மேற்பட்டால் மடல் நடத்துநரின் பார்வைக்கு நிறுத்தி வைக்கப்படும். இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 40 கிலோபைட்டில் ஆங்கிலமானால் ஏறத்தாழ இருபது பக்கம் எழுதலாம். தமிழிலும் சில பக்கங்கள் எழுதலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள் என்பதே அந்த எல்லையின் உட்பொருள் என்று நான் கொள்கிறேன்.

ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வருகிறது. மடலின் உடலில், 'இணைப்பைக் காண்க' என்று இரண்டே சொற்கள். இணைப்பைத் திறந்தால் பூவேலைக் கரையிட்ட ஒரு படம். அதற்குள்ளே நாள், நேரம், இடம். மூன்று வரியில் எழுதக்கூடிய செய்திக்கு மூன்று மெகாபைட்டுப் பல்லக்கு! கண்பார்வையற்றவர்கள் கணினி வாசித்துச் சொல்லக் கேட்டு மடலை அறிகிறார்கள். அந்தப் படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எளிதில் வாசிக்காது. பின்னாளில் 'அந்தக் கூட்டம் எந்த நாள்?' என்று அஞ்சற்பெட்டியில் தேடினாலும் கிட்டாது. அழகுக்குப் படம் இருக்கட்டும். நாளும் இடமும் மடலிலும் இருக்க வேண்டும்.

பருமனைப் பற்றிச் சொன்னேன். அதைவிடப் பெரிய தொல்லை, பெற்றவர் திறக்க முடியாமை. இதில் தமிழர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் நம்முடைய கணினிகளில் அது நன்கு இயங்க நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை எழுத்துருவுக்கு ஓர் ஏற்பாடு. அச்சகத்துக்கு ஓர் ஏற்பாடு. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய கட்டுரை, அதே எழுத்துரு இல்லாதவருடைய திரையில் ஆங்கிலக் கந்தர்கோலமாய்த் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டி ஒரு தரம் காண முயன்றார்கள். உலகத் தமிழர் மின்மடல்களில் விவாதித்து வகுத்த இன்னொரு தரமும் வழங்கியது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது.

எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், தம் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் பாடும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். தெருமுனைக் கணினி நிலையத்தில் தட்டச்சு செய்வித்து, பகுதி பகுதியாகத் தமக்குத் தாமே மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பி வைத்துக்கொண்டார். பத்திரமான பெட்டி அதுதான் என்பது அவர் எண்ணம். பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. அவர் மறைந்தபின் மகள் திறந்து பார்த்தபோது பதினான்கு கோப்புகளும் இருந்தன, எழுத்துத்தான் இல்லை. எந்த எழுத்துரு என்று கோப்பில் ஒரு பெயர் இருந்தது. கணினி நிலையம் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்துமாற்றி நிரல்களில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து, ஒன்றில் ஓரளவு பொருந்தியது. அதிலும் ஒகர ஓகாரங்கள் பிறழ்ந்து வந்தன. சில இடங்களில் ரகரமும் காலும் மயங்கின. பாடிய கிழவிகளில் எஞ்சியிருந்த இருவரிடம் வாசித்துக் காட்டித் திருத்தினார்கள். மூன்று கோப்புகள் இன்னும் திறக்கப்படவில்லை.

இதற்கு மாறாக இன்னொன்றைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள், இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள். அவர்களும் ஒருங்குறிக்கு முற்பட்ட ஏற்பாட்டில்தான் தொடங்கினார்கள். ஆனால் எந்த ஏற்பாடு என்பதை ஒவ்வொரு நூலின் முகப்பிலும் எழுதி வைத்தார்கள்.  ஆகவே காலம் மாறியபோது அந்நூல்களை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. இன்றும் நீங்கள் எடுத்துப் படிக்கலாம். தட்டச்சில் இரு சாராரும் பட்ட உழைப்பு ஒன்றே. பொதியின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதிலேதான் வேறுபாடு.

ஆகவே, பலருக்கு அனுப்பும் கோப்பு எந்த வடிவில் இருக்கலாம்? எழுத்து மட்டுமானால், அலங்காரமற்ற வெற்றெழுத்துக் கோப்பே எல்லாவற்றினும் நெடுநாள் வாழும். பக்க அமைப்பு முதன்மையானால் 'பி.டி.எஃப்.' வடிவம் நன்று. நெடுங்காலம் காக்கவேண்டிய ஆவணங்களுக்கென்று அதிலேயே ஒரு பிரிவு 2005-ஆம் ஆண்டு உலகத் தரமாயிற்று. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க வேண்டும் என்பது அதன் விதி; நம் ஆசிரியரின் கதையைக் கேட்டவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும். பெற்றவர் திருத்தித் தரவேண்டும் என்றால் மட்டும் திருத்தக்கூடிய வடிவில் அனுப்பலாம். 'வின்மெயில் டாட்' என்ற பெயரோடு திறக்க மாட்டாத ஒரு கோப்பு சிலருக்கு வந்திருக்கும். அனுப்பியவர் அதை அனுப்பவே இல்லை என்பார், மெய்தான். அவருடைய 'அவுட்லுக்' நிரல் எழுத்தலங்காரத்தையும் இணைப்புகளையும் தனக்கு மட்டும் விளங்கும் ஓர் உறையில் இட்டுப் பூட்டி அனுப்பிவிட்டது. பூட்டு இங்கே வந்துவிட்டது. சாவி அனுப்பியவர் வீட்டிலே இருக்கிறது.

இனி அச்சம் தரும் பகுதிக்கு வருகிறேன். பொதியைத் திறப்பது நம்பிக்கையின் செயல். அந்த நம்பிக்கையையே வஞ்சகர் கருவியாக்கினர். 1999 மார்ச் 26-ஆம் நாள் 'மெலிசா' என்னும் நச்சுநிரல் பரவத் தொடங்கியது. தெரிந்தவரிடமிருந்து ஒரு மடல். நீங்கள் கேட்ட ஆவணம் இதோ என்ற பாவனையில் ஒரு 'வேர்டு' கோப்பு. திறந்தவுடன் அதற்குள் மறைந்திருந்த நிரல் எழுந்து, திறந்தவருடைய முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொள்ளும். ஐம்பது, ஐம்பதைம்பது இரண்டாயிரத்து ஐந்நூறு, அடுத்த படியில் ஒன்றேகால் இலட்சம் என்று பெருகும். அந்த முகவரிகளுள் ஒன்று குழுவின் முகவரியாக இருந்துவிட்டால், ஒன்று என்று எண்ணியதே பல நூறாகும். அதை எழுதியவருக்கு 2002-ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் 20 மாதச் சிறை விதித்தது.

அடுத்த ஆண்டு, 2000 மே 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து இன்னொன்று புறப்பட்டது. அது காதற் கடிதமாக வந்தது. கோப்பின் பெயரில் நடுவே வெற்றெழுத்துக் கோப்பைக் குறிக்கும் பின்னொட்டு. அதன் பின்னே உண்மையான பின்னொட்டு, இயங்கும் நிரலைக் குறிப்பது. அக்காலத்து 'விண்டோஸ்' கணினிகள் கடைசிப் பின்னொட்டைக் காட்டாமல் மறைத்துவிடும். ஆகவே பார்த்தவர் கண்ணுக்கு அது தீங்கற்ற கடிதம். திறந்தவருடைய ஒளிப்படக் கோப்புகளை அழித்து அவற்றின் இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லாருக்கும் போயிற்று. பிரித்தானிய நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்திவைக்க நேர்ந்தது. செய்தவர் என்று ஐயுற்றவரை வழக்கில் நிறுத்தப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டம் இல்லை. சட்டம் அடுத்த மாதமே வந்தது. ஆனால் முன் நடந்த குற்றத்துக்கு அது பொருந்தவில்லை.

தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்று பலரும் சொல்லித் தருகிறார்கள். மேற்சொன்ன இரண்டும் தெரிந்தவர்களிடமிருந்துதான் வந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அனுப்பியவர் யார் என்பதோடு, ஏன் அனுப்பினார் என்பதும் மடலில் விளங்க வேண்டும். உங்கள் பேராசிரியர் பெயரில், விளியும் இல்லாமல் விளக்கமும் இல்லாமல் ஒரு பொதி வந்தால், தொலைபேசியில் கேட்டுவிடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பும்போதும் இதே நோக்குத்தான் வேண்டும். 'இத்துடன் என் கட்டுரையின் இரண்டாம் இயல், 12 பக்கம், பி.டி.எஃப். வடிவில்' என்று ஒரு வரி எழுதுங்கள். வஞ்சக நிரலுக்கு உங்கள் இயலின் எண் தெரியாது. இன்று அஞ்சல் நிலையங்கள் இயங்கு நிரல்களைப் பெரும்பாலும் வாசலிலேயே மறுத்துவிடுகின்றன. ஆவணத்துக்குள் ஒளிந்த நிரலை இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் இயங்கவிடாத ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்தது. காவல் பெருகியிருக்கிறது. களவும் அதற்கேற்ப வேறு வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

கோப்பு, நாம் எழுதாததையும் சுமந்து போகும். 2003 பிப்ரவரியில் பிரித்தானிய அரசு ஈராக்கைப் பற்றி ஓர் அறிக்கையை 'வேர்டு' கோப்பாகவே வெளியிட்டது. அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் கோப்புக்குள்ளே பதிந்து கிடந்ததைப் பிறர் எடுத்துக் காட்டினர்; அரசுக்குச் சங்கடம் ஆயிற்று. கைப்பேசியில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் அளவைகள் பதிந்திருக்கலாம். உங்கள் வீட்டுப் பூனையின் படத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்புகிறீர்கள். வீட்டின் வழியையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

இன்னும் ஒன்று. இணைப்பு அனுப்புவது என்றால் உண்மையில் படி எடுப்பது. ஒரு மலருக்குரிய கட்டுரையைப் பத்துப் பேருக்கு அனுப்பித் திருத்தம் கேட்கிறீர்கள். மறுநாள் பத்துப் படிகள், பத்து வகைத் திருத்தங்களோடு திரும்பி வருகின்றன. ஒருவர் 'இறுதி' என்று பெயரிட்டிருப்பார். இன்னொருவர் 'இறுதி புதியது' என்பார். மூன்றாமவர் 'இதுவே இறுதி' என்பார். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று ஏடுகளைத் தேடி, பாடபேதங்களை ஒப்புநோக்கி, 1887-ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். நூற்றாண்டுகள் கழித்து நேர்ந்த பாடபேதங்களை ஆராய அவருக்கு ஆண்டுகள் பல ஆயின. நாம் ஒரே இரவில் பத்துப் பாடபேதங்களைப் படைத்துக்கொண்டு மலைத்து நிற்கிறோம்! கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை இடுங்கள். கணினி தானே கால வரிசையில் அடுக்கிவிடும். எந்தப் படியைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதை முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமானால் இணைப்பு அதற்கு ஏற்ற கருவியே அன்று. ஒரே படியை இணையத்தில் வைத்து எல்லாரும் அங்கே வந்து திருத்துவதே முறை.

பெரிய கோப்புக்கும் அதுவே வழி என்று சொல்வார்கள். கோப்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு அதற்கான தொடுப்பை, 'லிங்க்' என்று நீங்கள் சொல்வதை, மடலில் எழுதினால் போதும். ஐந்நூறு பேருக்கும் ஒரு வரிதான் போகும். வேண்டியவர் மட்டும் எடுத்துக்கொள்வார். சரிதான். ஆனால் தொடுப்புக்கும் குறை உண்டு. திறக்க அனுமதி தராமல் அனுப்பிவிட்டு உறங்கப் போய்விடுபவர்கள் பலர். கணக்கு முடிந்தால் கோப்பும் போகும். வைத்தவர் பின்னாளில் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டால், நேற்று நீங்கள் படித்தது எது என்பதற்குச் சான்று இராது. இணைப்பில் அந்த ஐயம் இல்லை. அன்று வந்தது அன்று வந்தபடியே உங்கள் பெட்டியில் கிடக்கும். ஆகவே தீர்மானம், ஒப்பந்தம், மதிப்பெண் சான்று போன்றவற்றை உரியவருக்கு இணைப்பாகவே அனுப்புவதுதான் தக்கது என்பது என் கருத்து. பெருங்குழுவுக்குப் படங்களும் நூல்களும் அனுப்புவதானால் தொடுப்புப் போதும். அப்போதும் அதில் என்ன இருக்கிறது என்பதை நான்கு வரியில் மடலிலேயே எழுதிவிட வேண்டும்.

அந்த நான்கு வரியின் மதிப்பை அறிய, குழு மடல்களின் பழைய காப்பகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த நல்ல விவாதங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. கேள்வி இருக்கிறது, விடை இருக்கிறது, மறுப்பு இருக்கிறது. இடையிடையே, இங்கே ஓர் இணைப்பு இருந்தது, நீக்கப்பட்டது என்று நிரல் எழுதிவைத்த ஒரு வரி வரும். கோப்பின் பெயர், பருமன், இனம் ஆகியவை அதன்கீழ் இருக்கும். கோப்பு வைத்திருந்த இடத்தைத் தொட்டால் பல வேளை ஒன்றும் வராது. 'விவரம் இணைப்பில்' என்று மட்டும் எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்கு அடுத்த மடலில் ஒருவர், தம் அட்டவணையை இணைத்ததோடு, அதன் முடிவையும் இரண்டு பத்தியில் எழுதியிருப்பார். அட்டவணை போய்விட்டது, அந்த இரண்டு பத்திகளை இன்றும் படிக்கிறோம்.